கறுப்பு அங்கி

தலைப்பைப் பார்த்துவிட்டு மர்மக் கதை ஏதோ எழுதப் போகிறேன் என்று ஆவலோடு படிக்கத் தொடங்கியிருக்கும் வாசகர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதில் திருட்டு உண்டு. ஆனால் துப்பறிகிறவர் யாரும் இல்லை. சாவும் உண்டு, ஆயிரக்கணக்கில் உண்டு. காதல் மட்டும் கிடையாது. கதாநாயகர் ஒரு பட்டிக்காட்டுப் பங்குச் சாமியார். அவர் எழுதி வைத்துவிட்டுப் போனதோ கவிதையும் அல்ல, காவியமும் அல்ல. ஆடு விற்ற வரவும் மெழுகு வாங்கிய செலவும் எழுதிய கணக்குப் புத்தகம். அந்தக் கணக்கைப் படித்துவிட்டு நான் இரண்டு இரவு தூங்கவில்லை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நவம்பர் 2-ஆம் தேதி மாலை நான் தூத்துக்குடியில் இருக்க நேர்ந்தது. கத்தோலிக்கர்கள் அந்த நாளைச் சகல ஆத்துமாக்கள் திருநாள் என்பார்கள். கல்லறைத் திருநாள் என்பது ஊர் வழக்கு. நண்பர் ஒருவர் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். நான் எதிர்பார்த்தது அழுகையும் அமைதியும். கண்டதோ ஏறக்குறைய ஒரு திருவிழா. காலையிலேயே கல்லறைகளைக் கழுவிச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் செவ்வந்தி; ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் மெழுகுவர்த்தி. கடற்காற்றில் அணைந்து போகும் திரிகளைக் குழந்தைகள் ஓடி ஓடி மறுபடி ஏற்றினார்கள். பெரியவர்கள் கல்லறையைச் சுற்றி உட்கார்ந்து, உள்ளே இருப்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசுவது போலக் குடும்பக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

நண்பரின் தாயார் கையில் ஒரு தாள் இருந்தது. பூசையில் வாசிப்பதற்காகச் சாமியாரிடம் கொடுக்க வேண்டிய பெயர்கள். அவர்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்கள். எழுதி முடித்துவிட்டு அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, ஒங்க வீட்டுல எறந்தவங்க பேரு இருந்தாச் சொல்லுங்க. இதுலயே எழுதிருதேன்."

நான் தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு.

என் தகப்பனார் காலமானபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நாலு புத்தகம் படித்துவிட்டு அறிவு முற்றிப் போனதாக எண்ணிக்கொண்டிருந்த பருவம். இரண்டு வருஷம் திதி கொடுத்தேன். மூன்றாம் வருஷம், நம்பிக்கை இல்லாத காரியத்தைச் செய்வது ஏமாற்று வேலை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா கோபிக்கவில்லை. "செய்யாட்டிப் போ. ஆனா அப்பா பேர், தாத்தா பேர், அவருக்கு அப்பா பேர் - இதை வருஷத்துக்கு ஒரு தரம் வாய்விட்டுச் சொல்ல இந்த வீட்டிலே வேறே யார் இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால், என் கொள்ளுத் தாத்தாவின் பெயரை நான் தெரிந்துகொண்டதே அந்த இரண்டு திதிகளில்தான். தர்ப்பையும் எள்ளும் தண்ணீரும் யாருக்குப் போய்ச் சேருகின்றனவோ, எனக்குத் தெரியாது. பெயர்கள் எனக்கு வந்து சேர்ந்தன.

தூத்துக்குடிக்குப் போவதற்குச் சில நாள் முன்புதான் மோர்பாத் என்ற ஊரைப் பற்றிப் படித்திருந்தேன். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாகாணத்தில், எக்ஸ்மூர் என்னும் மேட்டு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் சிற்றூர் அது. நான் சொல்லப் போகும் காலத்தில் அங்கே முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள். எல்லாம் ஆடு மேய்த்துப் பிழைத்தவை. 1520-ஆம் ஆண்டு அங்கே பங்குச் சாமியாராக வந்தவர் கிறிஸ்டபர் ட்ரிக்கி. அவர் இறந்தது 1574-ல். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே கோயிலில்! அந்த அரை நூற்றாண்டும் கோயில் கணக்கைத் தம் கையாலேயே எழுதி, ஆண்டுதோறும் ஊரார் முன்னால் உரக்க வாசித்தார். வாசிப்பதற்காகவே எழுதியதால் அந்தக் கணக்கில் ஒரு குரல் கேட்கிறது. தம்மையே "சர் கிறிஸ்டபர்" என்று மூன்றாம் மனிதரைப் போலக் குறிப்பிடுகிறார். யாரோ ஒருவர் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்றால் குத்திக் காட்டுகிறார். கொடுத்துவிட்டால் ஆசீர்வதிக்கிறார். எமன் டஃபி என்ற வரலாற்றாசிரியர் 2001-ல் இந்தக் கணக்கை வைத்து ஒரு நூலே எழுதினார். வம்சாவளிகளும் போர்களும் நிறைந்த எத்தனையோ சரித்திர நூல்களைவிட இந்த ஆட்டுக் கணக்கு மனிதர்களை நம் கண்முன் நிறுத்துகிறது.

அந்தக் கோயிலில் பல சுரூபங்கள் இருந்தன. ஒவ்வொரு சுரூபத்தின் முன்பும் விளக்கு. ஒவ்வொரு விளக்குக்கும் தனி நிதி. நம் கோயில்களில் கட்டளை என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். மாதா கட்டளை, அந்தோனியார் கட்டளை, வாலிபர் கட்டளை, கன்னிப் பெண்கள் கட்டளை என்று பல. வாலிபர் கட்டளையை வாலிபர்களே நிர்வகித்தார்கள். பெண்கள் கட்டளையைப் பெண்களே நிர்வகித்துச் சபையில் கணக்கு ஒப்பித்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆட்டிலிருந்து. கோயிலுக்குச் சொந்தமான ஆடுகளை ஊரார் ஒவ்வொருவரும் ஒன்று இரண்டாகத் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்தார்கள். கம்பளி விற்ற காசு விளக்குக்கு.

இதைப் படித்தபோது எனக்குச் சோழர் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று கொடுத்து, அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்று பொறித்து வைத்தார்களே! ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தஞ்சையில் எரிந்த விளக்கும் எக்ஸ்மூரில் எரிந்த விளக்கும் ஆட்டின் புண்ணியத்தால் எரிந்தவை. இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டதே இல்லை.

ட்ரிக்கி ஊருக்கு வந்ததும் தம் சொந்தச் செலவில் ஒரு சுரூபம் செய்து வைத்தார். புனித சிட்வெல் என்னும் பெண்ணின் சுரூபம். அவள் எக்ஸிட்டர் நகரத்தவள். அவளுடைய நிலத்துக்கு ஆசைப்பட்ட சிற்றன்னை, அறுவடைக் கூலிகளை ஏவி அரிவாளால் அவள் தலையைக் கொய்துவிட்டாளாம். தலை விழுந்த இடத்தில் ஊற்றுப் பெருகிற்றாம். நம் ஊர் எல்லைகளில் பீடம் கொண்டிருக்கும் கன்னித் தெய்வங்களின் கதைகளைக் கேட்டவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. மோர்பாத் பெண்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே ஆக்கிக்கொண்டார்கள். சாகும்போது செபமாலையை அவள் கழுத்துக்கு எழுதி வைத்தார்கள். பிறக்கும் குழந்தைக்கு அவள் பெயரை வைத்தார்கள். அவள் காலுக்கு வெள்ளியில் ஒரு காலணியும் செய்து போட்டார்கள்.

1534-ல் ஒரு திருடன் ஏணி வைத்து ஏறி, கோயிலுக்குள் புகுந்து அந்த வெள்ளிக் காலணியையும் பூசைப் பாத்திரத்தையும் கொண்டு போய்விட்டான். மறுபடி ஊர் வரி போட வேண்டுமே என்று பெரியவர்கள் தலையில் கைவைத்தபோது, ஊர் வாலிபர்களும் பெண்களும் கூடித் தங்களுக்குள்ளேயே பணம் திரட்டிப் புதிய பாத்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். ஊருக்கு ஒரு காசு செலவில்லை. அதை எழுதும்போது சாமியாருக்கு ஏற்பட்ட பெருமிதம் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தாளில் தெரிகிறது. அதே ஆண்டில்தான் லண்டனில் எட்டாம் ஹென்றி மன்னர் போப்பாண்டவரோடு உறவை அறுத்துக்கொண்டு, தம்மையே திருச்சபையின் தலைவராக அறிவிக்கச் செய்தார். மோர்பாத்தில் அந்த ஆண்டின் பெரிய செய்தி பாத்திரம் களவு போனதுதான்.

இனிக் கறுப்பு அங்கிக்கு வருகிறேன்.

அக்காலத்துக் கிறிஸ்தவர்களுக்கு மோட்சமும் நரகமும் போதவில்லை. நேரே மோட்சம் போக அருகதை உள்ள மகான்கள் சிலர். நரகத்துக்கே உரிய பாதகர்களும் சிலர். மற்றவர்கள்? பால் அளக்கும்போது கொஞ்சம் தண்ணீர் கலந்தவர், பக்கத்து வீட்டுக்காரரோடு வரப்புச் சண்டை போட்டவர், நீங்கள், நான்? இவர்கள் எல்லோரும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்து சுத்தமாகிப் பிறகு மோட்சம் போவார்கள் என்பது நம்பிக்கை. அங்கே இருப்பவர்களுக்கு இங்கே இருப்பவர்கள் உதவ முடியும்: செபத்தால், பூசையால், தருமத்தால். ஆகவே, இறந்தவர் ஊரை விட்டுப் போனவர் அல்லர். ஊரிலே உதவி கேட்டுக்கொண்டிருப்பவர். ஊருக்கு நன்மை செய்து இறந்தவர்களின் பெயர்களை ஒரு சுருளில் எழுதி வைத்து ஆண்டுக்கொரு முறை முழுவதும் வாசித்தார்கள்.

அந்தப் பூசைகளை முறையாக நடத்தக் கறுப்புப் பட்டு உடுப்பு வேண்டும். மோர்பாத்தில் அது இல்லை. ட்ரிக்கி ஒரு காரியம் செய்தார். கோயில் ஆடுகளின் கம்பளியில் தமக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதைக் கறுப்பு அங்கிக்கென்று சேர்த்து வந்தார். ஓர் ஆண்டு அல்ல, ஈராண்டு அல்ல. ஏறக்குறைய இருபது ஆண்டுகள். சில்லறை சில்லறையாகச் சேர்ந்தது. பெண்ணின் கல்யாணத்துக்கு நகை சேர்க்கும் நம் ஊர்க் குமாஸ்தாவை எண்ணிக்கொள்ளுங்கள்.

ட்ரிக்கி இப்படிச் சில்லறை சேர்த்துக்கொண்டிருந்தபோது, வெளி உலகில் அந்த உத்தரிக்கிற ஸ்தலத்தின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டிருந்தது. 1517-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் கேள்வி எழுப்பினார். அவர் எழுப்பிய கேள்வியில் நியாயம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ரோமாபுரியில் பேராலயம் கட்டுவதற்காகப் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். காசு உள்ளவன் தன் தகப்பனை நெருப்பிலிருந்து மீட்கலாம். காசில்லாதவனுடைய தகப்பன் வேக வேண்டியதுதான். 1529-ல் சைமன் ஃபிஷ் என்ற ஆங்கிலேயர், பிச்சைக்காரர்கள் மன்னருக்கு விண்ணப்பம் செய்வதாக ஒரு சிறு நூல் எழுதினார். போப்பாண்டவரால் காசு வாங்கிக்கொண்டு ஓர் ஆன்மாவை விடுவிக்க முடியுமானால், காசு வாங்காமலே எல்லோரையும் விடுவிக்கலாமே. விடுவிக்காதவர் கருணையாளரா, கொடுங்கோலரா என்று கேட்டார். பதில் சொல்லக் கடினமான கேள்வி.

அதே ஆண்டில் சர் தாமஸ் மோர் பதில் எழுதினார். இவர் எழுதியதும் விண்ணப்பந்தான். ஆனால் விண்ணப்பம் செய்கிறவர்கள் இறந்தவர்கள். 'நாங்கள் உங்கள் தாய் தந்தையர், மனைவி மக்கள். எங்களை மறந்துவிடாதீர்கள்' என்று அவர்கள் நெருப்பிலிருந்து கூவுகிறார்கள். தர்க்கத்தில் ஜெயித்தவர் ஃபிஷ் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மோரின் நூலில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். ஃபிஷ் எழுதிய நூலில் கணக்கு இருக்கிறது.

எட்டாம் ஹென்றியின் மனத்தில் இருந்ததும் எது என்பது அவர் இறந்தபோது தெரிந்தது. மடங்களை இடித்தவர், மோரின் தலையை 1535-ல் வாங்கியவர், தம் உயிலில் என்ன எழுதினார் தெரியுமா? விண்ட்சரில் தம் கல்லறை அருகே, உலகம் உள்ளளவும், தம் ஆன்மாவுக்காகப் பூசை செய்ய வேண்டும் என்று பணம் ஒதுக்கினார்! நெருப்பு இல்லை என்று ஊருக்கு உபதேசம். இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தமக்கு முன்னெச்சரிக்கை. 1547 ஜனவரியில் அவர் கண்ணை மூடினார். ஒன்பது வயது மகன் எட்வர்ட் அரியணை ஏறினார். மந்திரிகள் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே இறந்தவர்களுக்கான பூசை அறக்கட்டளைகளை நாடு முழுவதும் ஒழித்துச் சொத்தை அரசோடு சேர்க்கச் சட்டம் செய்தார்கள். உலகம் உள்ளளவும் என்பதற்கு மன்னர்களின் உயிலிலும் ஆயுள் அவ்வளவுதான்.

மோர்பாத்தில் கறுப்பு அங்கி எப்போது வந்து சேர்ந்தது என்று ஊகித்துக்கொள்ளுங்கள். அதே 1547-ல்!

கற்பனையில் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் அடித்துத் திருத்தியிருப்பார், "தற்செயல் மிகவும் அதிகமாக இருக்கிறது" என்று. இருபது ஆண்டு சேர்த்த பணம்; எந்தப் பூசைக்காகச் சேர்த்தாரோ அந்தப் பூசை இனிக் கூடாது என்ற உத்தரவும் ஏறக்குறைய அங்கியோடு கூடவே வந்து நின்றது.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. விளக்குகள் கூடாது; அணைந்தன. சுரூபங்கள் கூடாது, சிட்வெல் போனாள். விளக்கில்லாத கட்டளைக்கு ஆடு எதற்கு? கோயில் ஆடுகளை விற்றார்கள். ஆடு இல்லை என்றதும் வாலிபர் கட்டளை இல்லை, பெண்கள் கட்டளை இல்லை. கோயில் விருந்து நடத்திப் பணம் சேர்ப்பதும் நின்றது. முன்பு கணக்கு ஒப்பித்த பெண்களின் குரல் அந்தப் புத்தகத்திலிருந்து மறைந்துபோகிறது. சமய மாற்றம் என்றால் தத்துவ விவாதம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிராமத்தில் அது கூடிச் செய்வதற்கு வேலை இல்லாமல் போவது. பட்டு உடுப்புகளை அரசாங்கம் பறித்துக்கொள்ளும் என்ற பயத்தில் ஊரார் வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டார்கள்.

1549 ஜூன் 9-ஆம் தேதி முதல் நாடெங்கும் வழிபாடு லத்தீனில் அல்ல, புதிய ஆங்கிலப் புத்தகப்படி நடக்க வேண்டும் என்று சட்டம். தாய்மொழியில் வழிபாடு! தமிழில் எழுதிப் பிழைப்பவன் இதைக் குறை சொல்லலாமா? சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாளே டெவனில் சாம்ப்ஃபர்ட் கோர்ட்னி என்ற ஊரில் குடியானவர்கள் சாமியாரை மறித்துப் பழைய பூசையையே செய்ய வைத்தார்கள். கலகம் மூண்டது. கார்ன்வால் நாட்டார் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் அனுப்பிய கோரிக்கையில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: எங்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது என்றார்கள். அவர்கள் தாய்மொழி கார்னிஷ். ஆங்கிலத்தைவிட லத்தீன் தெரிந்தவர்கள் உங்களில் அதிகமோ என்று ஆர்ச்பிஷப் கிரான்மர் கிண்டலாகத் திருப்பிக் கேட்டார். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் புரியாத லத்தீன் அவர்களுடைய பாட்டனாரின் லத்தீன்; புரியாத ஆங்கிலம் லண்டன் அதிகாரியின் ஆங்கிலம். இந்த வித்தியாசம் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்காமலே விளங்கும்.

கலகக்காரர்கள் ஜூலை 2-ஆம் தேதி எக்ஸிட்டர் நகரை முற்றுகையிட்டார்கள். மோர்பாத் கணக்கில் அந்த ஆண்டு ஒரு செலவு எழுதியிருக்கிறது: ஊர் வாலிபர்கள் ஐந்து பேரை எக்ஸிட்டருக்கு வெளியே இருந்த பாசறைக்கு அனுப்பிய செலவு. வாளுக்கு, வில்லுக்கு, கைச் செலவுக்கு. இது எவ்வளவு அபாயமான குறிப்பு என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்! அரசாங்கத்தின் கையில் அகப்பட்டால் அந்த ஒரு பக்கத்துக்கே ஊரைத் தூக்கில் போடலாம். மறைத்து "இதர செலவு" என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஊர்ப் பணம் செலவானால் கணக்கில் ஏற வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். முன்பு பூசைப் பாத்திரம் வாங்கிக் கொடுத்த வாலிபர் பட்டாளத்தின் தம்பிகளும் பிள்ளைகளும் அந்த ஐந்து பேர்.

ஆகஸ்டு 6-ஆம் தேதி முற்றுகை முறிந்தது. மன்னரின் படையில் ஜெர்மானியக் கூலிப் படையும் இத்தாலியத் துப்பாக்கி வீரர்களும் இருந்தார்கள். வில்லும் அரிவாளும் என்ன செய்யும்? கிளிஸ்ட் என்னும் வெளியில் கைகட்டிய கைதிகள் தொள்ளாயிரம் பேரின் கழுத்தைப் பத்து நிமிஷத்தில் அறுத்தார்கள் என்று பின்னாளில் ஒருவர் எழுதி வைத்தார். மொத்தம் நாலாயிரம் பேர் மாண்டதாக எக்ஸிட்டருக்குள்ளேயே இருந்து முற்றுகையைக் கண்ட ஜான் ஹூக்கர் கணக்குச் சொல்கிறார். அந்த நாலாயிரம் பேருக்கும் கறுப்பு அங்கி அணிந்து பூசை செய்யச் சட்டப்படி வழியில்லை. எக்ஸிட்டரின் புனித தாமஸ் கோயில் பாதிரியார் ராபர்ட் வெல்ஷை அவருடைய பூசை உடுப்போடு அவர் கோயில் கோபுரத்திலிருந்தே தூக்கில் தொங்கவிட்டார்கள்.

நான் இந்தக் கதையை நாவலாக எழுதியிருந்தால் ட்ரிக்கிக்கு அந்த முடிவைத்தான் கொடுத்திருப்பேன். வாசகர்கள் கண்ணீர் விடுவதற்கு அது வசதியான இடம். சரித்திரம் எனக்கு அந்த வசதியைத் தரவில்லை. ட்ரிக்கி சாகவில்லை. ஊருக்குத் திரும்பினார் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் ஊரை விட்டுப் போகவே இல்லை. ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

1552-ல் அந்தப் புத்தகத்தையும் திருத்தினார்கள். அடக்கச் சடங்கில் ஒரு சிறு மாற்றம்; எனக்கு இந்தச் சரித்திரம் முழுவதிலும் மிகப் பெரிதாகத் தோன்றும் மாற்றம் அதுதான். 1549 புத்தகத்தில், குழியில் மண்ணை இடும்போது பாதிரியார் இறந்தவரை நோக்கியே பேசினார்: உன் ஆன்மாவை, உன் உடலை என்று முன்னிலையில். 1552 புத்தகத்தில் அவர் பேசுவது சுற்றி நிற்பவர்களோடு. இறந்தவர் "அவன்" ஆகிவிட்டார். ஒரே ஒரு பிரதிப் பெயர்ச் சொல்! ஆயிரம் ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தையில் இருந்தவர்கள் அன்று பேச்சுக்கு அப்பால் போய்விட்டார்கள். ட்ரிக்கிக்கு அப்போது அந்த ஊரில் முப்பத்திரண்டு ஆண்டு. குழியில் இறங்கியவர்கள் எல்லாம் அவர் கணக்கில் குத்திக் காட்டியவர்கள், ஆசீர்வதித்தவர்கள். அவர்களைப் பார்த்துப் பேசாமல் அவர் எங்கே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்?

1553-ல் மேரி அரசியானாள். பழைய சமயம் திரும்பியது. ஊரார் ஒளித்து வைத்தவற்றை ஒவ்வொருவராகக் கொண்டு வந்து கொடுத்தார்கள். கிழவர் மகிழ்ச்சி தாங்காமல், எட்வர்ட் காலத்தில் கோயில் எப்படிப் பாழாயிற்று, இப்போது எப்படித் தேறுகிறது என்று கணக்கின் நடுவில் எழுதிவிடுகிறார். ஐந்தே ஆண்டு. 1558-ல் மேரி இறந்தாள், எலிசபெத் வந்தாள், 1559-ல் மறுபடி ஆங்கிலப் புத்தகம். ட்ரிக்கி மறுபடி அதை எடுத்தார். இன்னும் பதினைந்து ஆண்டு வாசித்தார்.

கோழை என்பீர்களா? முதல் தடவை படித்தபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். நான்கு ஆட்சிக்கு நான்கு விதமாக வளைந்தவர்! ஆனால் ஒன்று கேட்கிறேன்: அவர் மறுத்துவிட்டு வெளியேறியிருந்தால் மோர்பாத்துக்கு வருகிறவர் யார்? எந்த வீட்டில் யார் எப்போது செத்தார், யாருடைய பாட்டி எந்தச் சுரூபத்துக்கு மாலை கொடுத்தாள் என்று ஒன்றும் அறியாத ஒருவர். ட்ரிக்கிக்குப் பெயர்கள் தெரியும். உத்தரவு மாறியது, சாமியார் மாறவில்லை. பூசையை விட்டுக்கொடுத்து மனிதர்களை வைத்துக்கொண்டார் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதற்கு அவர் மனத்துக்குள் கொடுத்த விலை கணக்கில் இல்லை.

இந்த இடத்தில் நம் கடற்கரையையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. மோர்பாத்தில் விளக்குகள் அணைந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில்தான் முத்துக்குளித் துறையில் பரதவர்கள் புதிதாக விளக்கு ஏற்றினார்கள். 1536, 1537 ஆண்டுகளில் அவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். மணி அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளே தங்கள் வீட்டுப் பழைய தெய்வங்களின் உருவங்களை உடைத்ததை அவர் மகிழ்ச்சியோடு கடிதத்தில் எழுதினார். அங்கே சிட்வெல் போனாள். இங்கே எத்தனை கன்னித் தெய்வங்கள் போனார்களோ! அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார்கள் எந்த வீட்டில் எதை ஒளித்து வைத்தார்கள் என்று எழுதி வைக்க இங்கே ஒரு ட்ரிக்கி இல்லை.

1942-ல் ஜெர்மானிய விமானங்கள் எக்ஸிட்டர் மீது குண்டு போட்டபோது டெவன் மக்களின் பழைய உயில்கள் எல்லாம் ஆவணக் கட்டடத்தோடு எரிந்து போயின. மோர்பாத் கணக்குப் புத்தகம் தப்பிப் பிழைத்தது.

கல்லறைத் தோட்டத்தில் அந்த அம்மாள் பேனாவைப் பிடித்தபடியே காத்திருந்தார். காற்று தாளைப் படபடவென்று அடித்தது. "வேத்து ஆளுன்னு யோசிக்கியளா தம்பி? சாமியாரு வாசிக்கப் போறது பேரைத்தானே" என்றார்.

அப்பா பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். பிறகு தாத்தா பெயரைச் சொன்னேன். கொள்ளுத் தாத்தாவின் பெயர் வருவதற்குச் சற்று நேரமாயிற்று. அதற்குள் இரண்டு மெழுகுவர்த்தி அணைந்துவிட்டிருந்தது. பையன் ஒருவன் தீப்பெட்டியோடு ஓடி வந்தான்.